கரையை அளக்கும் ஒளி

தமிழ் நாட்டின் கடற்கரை எத்தனை கிலோமீட்டர் நீளமுடையது? இக்கேள்விக்கு ஒரே விடைதான் இருத்தல் வேண்டும். ஆனால் நமக்குக் கிடைப்பவை நான்கு விடைகள். நெடுங்காலமாக ராஜ்ய சர்க்காரின் ஏடுகளில் வழங்கி வருவது 1,076. மத்திய சர்க்காரின் பழைய கணக்கு 906.9. 1990 முதல் 2018 வரை கரை அடைந்த மாறுதல்களை ஆராய்ந்த தேசியக் கடற்கரை ஆராய்ச்சி நிலையம் கொண்ட அளவு 991.47. மத்திய உள்நாட்டு அமைச்சின் 2023-24-ம் ஆண்டறிக்கையிலோ அது 1,068.69 ஆகி விட்டது. அதே அறிக்கையில், 7,516.6 கிலோமீட்டர் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாரத தேசத்தின் கரை 11,098.81 கிலோமீட்டராக நீண்டிருக்கிறது.

பாரத பூமி வளர்ந்து விடவில்லை. அளவுகோல் நுண்ணிதாயிற்று, அவ்வளவே. முன்னர் ஒரே கோடாக இழுத்துவிட்ட இடத்தில் இப்பொழுது ஒவ்வொரு கழிமுகமும், ஒவ்வொரு வளைவும் எண்ணப்படுகிறது. கரை என்பது அளக்கும் கோலுக்கேற்ப நீளவும் குறுகவும் செய்யும் பொருள் என்பதை இதனின்றும் அறியலாம். ஆயின், எந்தக் கோல் கொண்டு அளப்பது, அக்கோலை யார் கையில் கொடுப்பது, அளந்த கணக்கை யாரிடம் காட்டுவது என்னும் மூன்று கேள்விகளும் கணித சாஸ்திரத்தைச் சேர்ந்தவை மட்டும் அல்ல. அவை அரசியலைச் சேர்ந்தவை. அவற்றைக் குறித்தே இன்று எழுதத் துணிந்தோம்.

உலகின் பல தேசங்களில் இப்பொழுது ஒரு புதிய முறை பரவி வருகிறது. ஆளில்லாமற் பறக்கும் டிரோனில் லேசர் ஒளிக்கருவியைப் பொருத்திக் கரையின்மீது பறக்க விடுகிறார்கள். அக்கருவி வினாடிக்குப் பல்லாயிரம் முறை ஒளித்துடிப்புகளைக் கீழே செலுத்துகிறது. துடிப்பு பூமியிற் பட்டுத் திரும்பும் காலத்தை அளந்து தூரத்தைக் கணிக்கிறது. ஒரு வினாடியை நூறு கோடி கூறாக்கினால், அதில் ஒரு கூற்றில் ஒளி காற்றில் சுமார் 30 சென்டிமீட்டர் செல்லும்; நீரில் சுமார் 22 சென்டிமீட்டரே செல்லும். இவ்வளவு நுண்ணிய காலத்தை அளக்க வல்ல கடிகாரம் அச்சிறு பெட்டிக்குள் இருக்கிறது.

நீருக்கு அடியிலுள்ள தரையை அளப்பதற்குப் பச்சை நிற ஒளியே ஏற்றது. கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி நீரின் மேற்பரப்பிலேயே நின்று விடும். பச்சை ஒளி நீரை ஊடுருவிச் சென்று அடித்தரையைத் தொட்டு மீளும். மேற்பரப்பிலிருந்து வந்த எதிரொளிக்கும் அடித்தரையிலிருந்து வந்த எதிரொளிக்கும் உள்ள கால வித்தியாசமே ஆழத்தைச் சொல்லும். பெரிய ஆகாய விமானங்களில் இம்முறையை ஆஸ்திரேலியக் கடற்படையும் அமெரிக்க ராணுவப் பொறியியல் இலாகாவும் 1990-களிலேயே கையாளத் தொடங்கின. அன்று விமானம் வேண்டியிருந்த வேலையை இன்று இருவர் தூக்கிச் செல்லக் கூடிய டிரோன் செய்கிறது. இதுவே புதுமை.

இதனால் ஆவது என்ன என்று சிலர் கேட்கலாம். கடலோடிகளுக்கு விடை தெரியும். நிலத்தை அளப்பவன் நீர்க்கரை வரை வந்து நின்று விடுகிறான். கடலை அளக்கும் கப்பலோ ஆழம் குறைந்த இடத்திற்கு வர அஞ்சி அப்பால் நின்று விடுகிறது. இரண்டுக்கும் இடையில், அலை புரளும் அந்தச் சிறு பட்டை படத்தில் வெறுமையாகவே விடப்படுகிறது. ஆனால் கட்டுமரம் இறங்குவதும், கரைவலை இழுப்பதும், படகு கவிழ்வதும், மணல் இடம் பெயர்வதும், புயலிலும் ஆழிப்பேரலையிலும் நீர் ஊருக்குள் எவ்வளவு தூரம் புகும் என்பது தீர்மானமாவதும் அந்தப் பட்டையிலேதான். 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி நாகப்பட்டினக் கரையில் ஆயிரக்கணக்கான உயிர்கள் மாண்டன. அடுத்தடுத்த இரண்டு ஊர்களில் ஒன்று அழிந்து மற்றொன்று பிழைத்ததற்கு, கரையருகே கடலடித்தரை கிடந்த கிடையும், மணல்மேட்டின் உயரமும் பெருங் காரணங்களாம். அந்த உயரத்தையும் ஆழத்தையும் அங்குலக் கணக்கில் அறிந்து வைப்பது வீண் ஆடம்பரம் அன்று, உயிர்க்காப்பு.

இதனினும் பெரிய பயன் ஒன்றுண்டு. ஒரே கரையை ஒரு பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால், எத்தனை கன மீட்டர் மணல் எங்கிருந்து போயிற்று, எங்கே சேர்ந்தது என்பது புலப்படும். நமது கிழக்குக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. அதன் வழியில் கற்சுவர் ஒன்றை நீட்டினால் சுவருக்குத் தெற்கே மணல் குவியும். வடக்கே கரை அரியும். 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்ட பின்னரே மெரினாவின் மணல்வெளி அகன்றது. ராயபுரம் முதலாக வடசென்னைக் குப்பங்கள் கரையை இழந்தன. நகரத்தார் மாலையில் உலாவும் மணலுக்கு விலை கொடுத்தவன் வடக்கே வாழும் வலைஞன்! புதுச்சேரியிலும் துறைமுகச் சுவர் எழுந்த பின்னர் வடக்கே இதே கதைதான். எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காட்டுக் கரைகளில் இன்று எழும் முறையீடும் இதுவே.

மீனவர் இம்முறையீட்டைச் சொல்லும்போதெல்லாம் அதிகாரிகளும் துறைமுக முதலாளிகளும் கொடுக்கும் விடை ஒன்றே: 'கடல் அரிப்பது இயற்கை, எங்கள் சுவர்தான் காரணம் என்பதற்குச் சாட்சி என்ன?' மேற்கூறிய ஆராய்ச்சி நிலையத்தின் கணக்குப்படி தமிழ் நாட்டுக் கரையில் 422.94 கிலோமீட்டர், அதாவது நூற்றுக்கு 42.7 பங்கு, அரிப்புக்கு உள்ளாகி வருகிறது. தேசம் முழுவதற்கும் அது சுமார் 33.6 பங்கு. இது இருபத்தெட்டு ஆண்டுகளின் மொத்தக் கணக்கு. மேலே பறக்கும் உபகிரகங்களின் படங்களைக் கொண்டு எடுத்தது. எந்தச் சுவரால், எந்த ஆண்டில், எவ்வளவு மணல் என்று கேட்பவனுக்கு இது போதிய விடை ஆகாது. லேசர் அளவை அந்த விடையைத் தர வல்லது. ஏழை மீனவனிடம் இல்லாத சாட்சியை அது கொண்டுவந்து நிறுத்தும். ஆதலின் இக்கருவியை நாம் முழு மனதுடன் வரவேற்கிறோம்.

வரவேற்பதோடு நில்லாமல், அதன் குறைகளையும் அறிந்து கொள்ளுதல் நலம். கருவி விற்கும் வியாபாரிகள் கூறுவது போல் இது சகல ரோக நிவாரணி அன்று. ஒளி, நீர் தெளிந்திருக்கும் அளவிற்கே ஊடுருவும். கலங்கிய நீரில் கண் எவ்வளவு காணுமோ அதைவிடச் சிறிது அதிகமே அது காணும். மன்னார் வளைகுடாவின் பவளத் தீவுகளைச் சுற்றித் தெளிந்த பருவத்தில் நன்கு பயன்படும்; சேறு கலங்கும் பாக் நீரிணையிலும், வெள்ளம் இறங்கும் ஆற்று முகங்களிலும், நுரை பொங்கும் அலைவாயிலும் ஏமாற்றி விடும். அங்கெல்லாம் சிறு படகில் ஒலிக்கருவியை வைத்து அளப்பதே வழி. டிரோனும் பேட்டரியின் பலத்தில் ஓடுவது. நீண்ட நேரம் பறக்காது. பலத்த காற்றைத் தாங்காது. சாதாரண அனுமதியில் 400 அடி உயரத்திற்கு மேல் செல்லவும் கூடாது.

மற்றுமொரு சிக்கல் உண்டு. நிலத்தின் உயரத்தைக் கடலின் சராசரி மட்டத்திலிருந்து கணக்கிடுகிறோம். கடலின் ஆழத்தை மாலுமிகளின் படங்களில் மிகத் தாழ்ந்த வற்று மட்டத்திலிருந்து கணக்கிடுகிறார்கள். டிரோனோ உபகிரகத்தைக் கேட்டுத் தன் உயரத்தை அறிவதால், அதற்கு மூன்றாவது ஒரு கணக்கு. மூன்று பூஜ்யங்களையும் ஒன்றோடொன்று பொருத்தாமல் படம் வரைந்தால், அழகிய வர்ணப் படம் கிடைக்கும், உண்மை கிடைக்காது. கடலேற்றத்தை அளக்கும் நிலையங்கள் கரை நெடுகப் போதிய எண்ணிக்கையில் இருந்தாலன்றி இப்பொருத்தம் கைகூடாது. ஆதலின் டிரோனை மட்டும் வாங்கிவிட்டு விழாக் கொண்டாடுவதில் பயனில்லை.

நிற்க. கருவியைப் பற்றிய விஷயம் இவ்வளவே. இனி அதிகாரத்தைப் பற்றிய விஷயம்.

இத்தேசத்தில் அளவை என்பது ஒருபோதும் வெறும் அளவையாக இருந்ததில்லை. 1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் நில அளவைப் பள்ளிக்கூடம் ஒன்றை நிறுவினர். 1802-ல் லாம்டன் என்பவர் பரங்கிமலைக்கு அருகே ஆதாரக் கோடு ஒன்றை அளந்து, இமயம் வரை சென்ற மாபெரும் அளவையைத் தொடங்கினார். அவ்வேலையின் சாஸ்திரப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படம் யாருடைய மேஜைக்குச் சென்றது? வரி விதிக்கவும், படை நடத்தவும், வனங்களையும் கழிகளையும் சர்க்கார் சொத்தென்று கோடு கிழிக்கவும் அது உதவியது. அளக்கப்பட்ட ஜனங்களுக்கு அப்படத்தைப் பார்க்கும் பாத்தியதையே இல்லை.

கடற்கரை யாருடையது என்ற கேள்வி தமிழருக்குப் புதியதன்று. 1930-ம் ஆண்டு ஏப்ரலில் ராஜாஜி அவர்கள் திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் நடந்து வேதாரணியம் சென்று உப்பு அள்ளியது எதற்காக? கரையும் கடலும் அவை தரும் உப்பும் அங்கே வாழும் ஜனங்களுக்கே உரியவை, எங்கோ எழுதிய சட்டத்தின் கோட்டுக்கு உரியவை அல்ல என்பதற்காக அன்றோ? அன்னிய சர்க்கார் போயிற்று. ஆனால் கோடு கிழிக்கும் வழக்கம் போய் விட்டதா?

1991-ல் முதன்முதலாகக் கடற்கரை ஒழுங்குமுறைச் சட்டம் அறிவிக்கப்பட்டது. 2011-லும் 2019-லும் அது புதிதாக்கப்பட்டது. அதன்படி கடலேற்றம் எட்டும் மேல் எல்லைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலம் பல பிரிவுகளாக வகுக்கப்படுகிறது. 2019-ம் ஆண்டு அறிவிப்பின்படி, ஜன நெருக்கம் மிகுந்த கிராமக் கரைகளில் கட்டடம் கூடாத பட்டை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்கப்பட்டது. ஆகவே எல்லைக் கோடு சில மீட்டர் இப்பால் விழுந்தால் ஒரு குப்பத்தின் வீடுகள் சட்ட விரோதமாகும். அப்பால் விழுந்தால் ஒரு விடுதி முதலாளிக்கு வழி பிறக்கும். வலை உலர்த்தும் மணலும், படகு ஏற்றும் துறையும், மீன் உலர்த்தும் களமும் படத்தில் இல்லாமற் போனால், நாளை அவை 'புறம்போக்கு' என்ற ஒரே வார்த்தையில் கரைந்து விடும்.

இது வெறும் அச்சம் அன்று. 2019-ம் ஆண்டு அறிவிப்பின்படி தயாரித்த நகல் படங்களின்மீது 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் தமிழ் நாட்டில் பொது விசாரணை நடத்தியபோது, மீனவர்கள் கூட்டங்கூட்டமாக வந்து ஆட்சேபித்தார்கள். தங்கள் குப்பங்களும், மீன்பிடி நிலங்களும், மீன் இனம் பெருகும் இடங்களும் படத்தில் சரிவரக் காட்டப்படவில்லை என்பதே அவர்களுடைய குறை. அவர்கள் சாஸ்திரத்தை எதிர்க்கவில்லை. தங்களைக் காணாத சாஸ்திரத்தை எதிர்த்தார்கள். லேசர் ஒளி மணலின் உயரத்தை அங்குலம் பிசகாமல் சொல்லும். அந்த மணலில் மூன்று தலைமுறையாக வலை உலர்த்தியவன் யார் என்று அது சொல்லாது. அதைச் சொல்ல மனிதனைக் கேட்க வேண்டும்.

மனிதனைக் கேட்டால் அவனுக்குத் தெரிந்தது கொஞ்சமா? மலைமுடி ஒன்றையும் கோயிற் கோபுரம் ஒன்றையும் நேர்கோட்டில் வைத்துக் கண்ணாலேயே கடலில் இடங் குறிக்க வல்லவன் நமது கடலோடி. கயிற்றில் கட்டிய குண்டை இறக்கி, கீழே இருப்பது சேறா, மணலா, பாரா என்று சொல்லி விடுவான். ஒவ்வொரு பாருக்கும் அவனிடம் பெயருண்டு. கருவி காட்டும் மேட்டுக்குப் பெயரிட வேண்டியவன் அவனே. பெயரில்லாத மேடு கணக்கில் எண். பெயருள்ள மேடு ஓர் ஊரின் உடைமை.

தேசிய கௌரவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024-ம் ஆண்டில் நமது விண்வெளி ஆராய்ச்சி விஞ்ஞானிகள் சேதுவின் கடலடிப் படத்தை வெளியிட்டார்கள். 29 கிலோமீட்டர் நீளமுள்ள அம்மேட்டில் நூற்றுக்கு 99.98 பங்கு நீருக்கடியில் இருப்பதை அது காட்டிற்று. கப்பல் செல்ல முடியாத அவ்வாழமற்ற நீரில் அவர்கள் செய்த வேலை மெச்சத்தக்கது. ஆனால் அந்தப் பச்சை ஒளியை மேலிருந்து செலுத்தியது 2018-ல் அமெரிக்கா அனுப்பிய உபகிரகம். சேதுவை அளக்க நமது அறிவு இருந்தது. ஒளி அன்னியருடையதாக இருந்தது!

டிரோன்களிலும் இதே நிலைமைதான். 2022-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார், முழுதாகச் செய்த அன்னிய டிரோன்களின் இறக்குமதியைச் சில விலக்குகளோடு தடுத்தது. நல்ல காரியம். ஆயின் உறுப்புகள் வரத் தடையில்லை. நீரடியை அளக்கும் பச்சை லேசர்க் கருவிகளோ பெரும்பாலும் ஆஸ்திரியா, கனடா, ஸ்வீடன் முதலிய தேசங்களில் செய்யப்படுபவை. இறகு சுதேசியாகவும் கண் விதேசியாகவும் இருப்பதைச் சுதேசியம் என்று சொல்லுதல் பொருந்துமா? பள்ளிக்கரணையில் தேசியச் சமுத்திரத் தொழில்நுட்ப நிலையம் இருக்கிறது. குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் டிரோன் கட்டுவதில் பேர் பெற்றவர்கள். கம்பெனியாரின் அளவைப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிண்டிக் கல்லூரி அண்ணா சர்வகலாசாலையின் அங்கமாக இருக்கிறது. அதே வளாகத்தில்தான் கடற்கரைப் படங்களைத் தயாரிக்கும் தேசிய நிலையமும் உள்ளது. இவர்களை ஒன்று கூட்டிப் பணமும் காலமும் கொடுத்தால் இக்கருவியை இங்கேயே செய்ய முடியாதா? முடியும் என்பதே நமது துணிபு.

ஆகவே நாம் கோருவது யாது? சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, தமிழ் நாட்டுக் கரை முழுவதையும், நீர்க்கரைக்கு இருபுறமும், ராஜ்ய சர்க்காரே பொதுப் பணத்தில் அளக்க வேண்டும். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். துறைமுகம் கட்டுபவனே அளவையாளனை அமர்த்திக் கூலி கொடுத்து, அவனே தனக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொள்ளும் முறை ஒழிய வேண்டும். கட்டுவதற்கு முன் எடுத்த அளவை இல்லாத எந்தச் சுவருக்கும் அனுமதி கொடுத்தல் கூடாது.

இரண்டாவது, அளந்த விவரம் ஜனங்களுடையது. பொதுப் பணத்தால் உண்டான நில விவரங்கள், பாதுகாப்பு இலாகாவின் இரகசியங்கள் நீங்கலாக, இந்தியர் அனைவருக்கும் எளிதிற் கிடைக்க வேண்டும் என்று 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய சர்க்கார் தாமே விதி செய்திருக்கிறார்கள். நாம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. எழுதிய விதியை நடத்திக் காட்டும்படி கேட்கிறோம். அதுவும் தமிழில், ஒவ்வொரு மீனவக் கிராமத்தின் பொது இடத்திலும், பெரிய படமாகத் தொங்க வேண்டும். கம்ப்யூட்டர் அறிந்தவன் மட்டும் காணக் கூடிய பகிரங்கம், பகிரங்கம் ஆகாது.

மூன்றாவது, டிரோன் பறக்கும் ஒவ்வொரு ஊரிலும் ஊர்ப் பஞ்சாயத்தும் கடலோடிகளும் உடனிருக்க வேண்டும். துறை, களம், பார், பாடு ஆகியவற்றின் பெயரும் எல்லையும் அவர்கள் வாய்மொழியாகப் படத்தில் ஏற வேண்டும். 2020-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய ஸ்வாமித்வா திட்டத்தில், டிரோன் கொண்டு கிராமத்து வீட்டு மனைகளை அளந்து உடையவனுக்குப் பத்திரம் கொடுக்கிறார்கள். உள்நாட்டுக் குடியானவனுக்குச் செய்வதைக் கரைக் குடியானவனுக்கும் செய்க. அவனுடைய சொத்து பெரும்பாலும் பொதுச் சொத்து. ஆகையால் பத்திரமும் ஊரின் பேரால் இருத்தல் வேண்டும்.

இவற்றுக்குப் பணம் எங்கே என்று கேட்பார்கள். கரையில் கருங்கல்லைக் கொட்டி, அடுத்த ஆண்டு அதைக் கடல் விழுங்க, மறுபடியும் கல்லைக் கொட்டும் வேலைக்கு எங்கிருந்து பணம் வருகிறதோ, அங்கிருந்தே இதற்கும் வரலாம். அளவாமல் கொட்டும் கல்லைவிட அளந்து பெறும் அறிவு மலிவானது.

தேசபக்தர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கருவியைக் கண்டு மயங்கவும் வேண்டாம். கருவியை வெறுக்கவும் வேண்டாம். உங்கள் ஊர்க் கரையின்மேல் டிரோன் பறக்கும் நாளில் அண்ணாந்து பார்த்து வியந்து நிற்காதீர்கள். 'யார் அளக்கிறார்கள்? யாருக்காக அளக்கிறார்கள்? படம் எப்பொழுது எங்கள் கைக்கு வரும்?' என்று கேளுங்கள். பொது விசாரணை என்று அறிவிப்பு வந்தால் படத்தைக் கையில் வைத்துக் கொண்டு போங்கள். வேதாரணியத்தில் நம்மவர் அள்ளியது ஒரு பிடி உப்பே. அதன் பொருள் கரை முழுவதுமாக இருந்தது. இன்று அந்தக் கரையின் உரிமை ஓர் எல்லைக் கோட்டில் அடங்கியிருக்கிறது. அக்கோட்டை ஜனங்களின் கண்முன், ஜனங்களின் சாட்சியோடு போடச் செய்வதே நம் முன்னுள்ள கடமை.